ரயில் ரத்தானால் டிக்கெட்டை நீங்களே ரத்து செய்யாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய பல ரயில்கள் ரத்தாயின. இத்தகைய நாள்களுக்குப் பிறகு, நுகர்வோர் வழக்குகளை நடத்திவரும் எங்களைத் தேடிவரும் பயணிகளிடம் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ரயில் ஓடாதாம் என்ற பேச்சு காதில் விழுந்தவுடன், ரயில்வேயின் அறிவிப்பு வருவதற்கு முன்பே, பதற்றத்தில் செயலியைத் திறந்து அவர்களே டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறார்கள்.

அப்படிச் செய்தால், பயணி தன் விருப்பப்படி பயணத்தைக் கைவிட்டதாகவே பதிவாகிறது. ரத்துக் கட்டணம் பிடிக்கப்படும். புறப்படும் நேரம் நெருங்கிவிட்டிருந்தால் உறுதியான டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. மாறாக, ரயில்வேயே ரத்து செய்த ரயில் என்றால், தத்கல் உட்பட முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு அது தானாகவே வங்கிக் கணக்கில் வந்து சேரும், டி.டி.ஆர். எனப்படும், பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையைப் பதிய வேண்டிய தேவையும் இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யின் சேவைக் கட்டணம் மட்டும் திரும்பாது. கவுன்ட்டரில் வாங்கிய சீட்டுக்குப் பணம் தானாக வராது என்பதால், ரயில் புறப்பட வேண்டிய நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் அசல் சீட்டை முன்பதிவு மையத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, ரத்தாகாமல் தாமதமாகும் ரயில். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் கோரலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால், நாம் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து அந்த ரயில் உண்மையில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். பதிந்துவிட வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. எழும்பூரில் குழந்தைகளோடு காத்திருந்து சலித்து, கிளாம்பாக்கம் சென்று பேருந்து பிடித்து ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் நிதானமாக விண்ணப்பிக்கும் குடும்பத்தின் கோரிக்கை, அதன் நியாயம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், நேரம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது. ஆகவே, நடைமேடையை விட்டு வெளியேறும் முன்பே கைப்பேசியில் டி.டி.ஆர். பதியுங்கள், தாமத நேரத்தைக் காட்டும் திரையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டில் இன்னொரு இடர் உண்டு. திரும்ப வரும் பணம் முதலில் முகவரின் கணக்குக்கே போகிறது. அந்தத் தொகை எவ்வளவு என்ற விவரமும் ஓ.டி.பி.யும் முன்பதிவில் தரப்பட்ட கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். முகவரிடமிருந்து அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டுதான் அவரிடம் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும். முகவர் தன் எண்ணையே கொடுத்திருந்தால் பணம் திரும்பியதே நமக்குத் தெரியவராது. முன்பதிவின்போதே உங்கள் எண்ணைக் கொடுக்கும்படி வற்புறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து யு.பி.ஐ. பின் எண் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

உரிய கட்டணம் மறுக்கப்பட்டால், ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. அத்தீர்ப்பாயத்துக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் செலுத்திய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் தருகிறது. தாமதத்தால் நேர்ந்த பிற இழப்புகளுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகச் சென்ற ரயிலால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தின் வழக்கில், தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்ததென ரயில்வே நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயன் உங்களுக்கும் கிடைக்க, டிக்கெட், குறுஞ்செய்திகள், மாற்றுப் பயணத்துக்குச் செலவிட்ட ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.