மேலே நல்ல மண், கீழே?

ஆலை மூடிய இடத்தில் பூங்காவோ வீடுகளோ வரப்போகிறது என்றால் முதலில் வந்து நிற்பது பொக்லைன். அதற்கு முன்னால், ஆலை மண்ணில் விட்டுப்போன நஞ்சு எங்கே என்று அறியப் பழைய வரைபடத்தைத் தேடி எடுக்க வேண்டும். முலாம் பூசும் தொட்டி எங்கே இருந்தது, எண்ணெய் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது, கழிவை எந்த மூலையில் கொட்டினார்கள் என்று தெரியாமல் எடுக்கும் மண் மாதிரி குருட்டாம்போக்குதான். அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

செலவை மிச்சப்படுத்த ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒற்றை மாதிரியாக்கிச் சோதிப்பதுண்டு. ஓரிடத்தில் ஈயம் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம், மற்ற நான்கிலும் 50 என்றால் அறிக்கையில் வரும் எண் 440. எந்த மூலையில் சிக்கல் என்பது அதோடு மறைந்துபோகும். ஈயம் கலந்த மண்ணில் பாஸ்பேட் உரம் சேர்த்து, ஈயம் நீரில் கரையாதபடி கட்டிப்போடலாம். ஆனால் ஆர்சனிக்கும் இருந்தால் அதே பாஸ்பேட் அதை அவிழ்த்துவிட்டுவிடும். இரண்டையும் சோதிக்காமல் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

ஈயமாவது போட்ட இடத்தில் கிடக்கும். உலோகப் பாகங்களின் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட ட்ரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் திரவம் அப்படியில்லை. பெட்ரோல் நிலத்தடி நீர்மேல் மிதக்கும். ட்ரைக்குளோரோஎத்திலீனோ தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். மேல்மட்ட நீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிடிபடாது. அங்கிருந்து ஆவியாகி, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும்.

இதற்குத் தீர்வு எளிது: தளத்தைத் துளைத்து 10 சென்டிமீட்டர் பிவிசி குழாய் இறக்கி, மின்விசிறியால் கீழ்க்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுவது. விசிறி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால், அதற்கு மேலே குழாய் கசியும்போது நஞ்சு அறைக்குள்தான் வரும். குழாயில் திரவம் ஊற்றிய 'யு' வடிவக் குழல் ஒன்று மாட்டியிருப்பார்கள். அதன் இரு பக்கத்திலும் திரவம் ஒரே மட்டத்தில் நின்றால் உறிஞ்சல் இல்லை, பெரும்பாலும் விசிறி நின்றுவிட்டது என்று பொருள்.

நஞ்சுமண்ணை எடுக்காமல் மூடுவதானால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணிவிரிப்பைப் போட்டு அதன்மேல் நல்ல மண் பரப்புங்கள். பின்னால் தோண்டுபவருக்கு அதுதான் எச்சரிக்கை. அங்கே மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி மட்டும் வேண்டாம், நஞ்சைக் கழுவி நிலத்தடிக்கு அனுப்பிவிடும்.

அமெரிக்காவின் லவ் கால்வாயில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடி, 1953இல் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். உள்ளே கழிவு இருக்கிறது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பிறகு வந்த கட்டுமானங்கள் களிமண் மூடியை உடைத்தன; 1978இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மூடியின் ஆழமும் எல்லையும் பத்திரத்தில் இருந்தால் போதாது. சாலை தோண்ட அனுமதி தருபவர் மேசையிலும் அந்த வரைபடம் இருக்க வேண்டும்.