ஊரில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டம்: யாரிடம் கேட்பது, எதைச் சொல்லித்தர வேண்டும்

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று ஊர்வலம் போகிறது, உறுதிமொழி எடுக்கிறார்கள், மாணவர்கள் சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொள்கிறார்கள். வீடு திரும்பும் ஒருவரை நிறுத்தி, ‘பரிசோதனை எங்கே செய்வார்கள்? காசு உண்டா? முடிவு யாருக்கெல்லாம் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அந்தக் கூட்டம் நடந்தும் பயனில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பணியை நடத்துவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் என்ற மாணவர் விழிப்புணர்வுக் குழுக்கள் வழியாகவும், பாதிப்புக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடையே அவர்களிலிருந்தே பயிற்சி பெற்ற சகக் கல்வியாளர்கள் வழியாகவும் இது நடக்கிறது. உங்கள் தெருவிலோ மகளிர் குழுவிலோ தொழிற்கூடத்திலோ கூட்டம் வேண்டுமென்றால், பக்கத்து அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போய் ஆலோசகரைக் கேளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி சொல்வார்கள்.

முப்பது நாற்பது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். மைக் வைத்த பந்தலில் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். வேலை முடிந்து வருகிற நேரமாகப் பார்த்து வையுங்கள். ஆணுறை விளக்கத்தை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடத்துவது நல்லது. தொடங்கும்போதே எல்லோருக்கும் ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுங்கள். சந்தேகம் இருப்பவர் எழுதட்டும், இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுதட்டும், ஆனால் எல்லோரும் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். கேள்வி உள்ளவர் மட்டும் எழுதினால், பேனாவை எடுத்தவர் யார் என்று பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடுவார். எழுதத் தெரியாதவரைக் கூட்டத்துக்குப் பிறகு தனியே சந்திக்க ஆலோசகருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

சீட்டுகளில் எப்படியும் கொசு வரும். ‘கொசுவால் பரவாது’ என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் உள்ளே விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. கொசுவின் உடலுக்குள் இந்தக் கிருமி பெருகவும் முடியாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கைகொடுப்பது, கழிப்பறையைப் பகிர்வது எதனாலும் பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இந்த நான்கே வழிகள்.

ஆணுறையைப் படத்தில் காட்டாமல் மர மாதிரியில் செய்து காட்டச் சொல்லுங்கள். முதலில் காலாவதித் தேதி. அடுத்து பொட்டலத்தை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். காற்று இல்லையென்றால் எங்கோ ஓட்டை. உள்ளிருப்பதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்க ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும், பல்லோ கத்தரியோ கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றியபடி அடிவரை உருட்ட வேண்டும். வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் உள்ளேயே நழுவிவிடும். கிழிந்துபோவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து உடல் சூட்டில் கெட்டுப்போனது, தேங்காய் எண்ணெய் தடவியது. எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுவிடும்.

இனிப் பரிசோதனை. நம்பிக்கை மையத்தில் இது இலவசம். முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார், உங்கள் சம்மதத்தைப் பெற்ற பிறகே ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அதுவே முடிவு. இருப்பதுபோல் காட்டினால், வேறு வகையான இரண்டு சோதனைகள் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தொற்று உறுதி. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முகாமிலோ விரல்நுனியில் எடுக்கும் ஒற்றைச் சோதனையை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மனமுடைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கூட்டத்தில் இதை இரண்டு முறை சொல்லுங்கள். இன்னொன்று: தொற்றிய உடனே சோதனையில் தெரியாது. ஆபத்தான தொடர்பு நடந்திருந்தால் இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து மறுமுறை பார்க்க வேண்டும். ஊசி குத்தியது, வன்கொடுமை போன்றவற்றில் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது.

தொற்று உறுதியானால், கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். 2004 ஏப்ரலில் நாடு முழுக்க இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. அப்போது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கே மருந்து. 2017 முதல் தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே உண்டு. இப்போது பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அது அடுத்தவருக்குப் போகாது. கர்ப்பிணிக்கு இது இன்னும் முக்கியம். மருந்து இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், மருந்தோடு 5 சதவீதத்துக்கும் கீழே. அதனால் கர்ப்பம் தெரிந்த முதல் மாதங்களிலேயே பரிசோதனை வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. கிருமி மறுபடி பெருகும், அதே மருந்து பிறகு வேலை செய்யாமலும் போகலாம்.

ரகசியம் பற்றிய பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. பொதுவாக, சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ அனுமதியின்றி முடிவை வெளியிடவோ கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. மருத்துவமனை சேர்க்க மறுத்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். புகாருக்காகத் தேதி, நேரம், மறுத்தவரின் பொறுப்பு, அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவையுங்கள். புறநோயாளிச் சீட்டு கையில் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.