ஐஸ் பிளாண்டில் ஆயில் வடிக்கும் நேரம்

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். படகு கரையேறினால் ஐஸ் பிளாண்டிலும் ஓட்டம் குறையும். கன்டென்சர் கழுவுவதிலும் கம்ப்ரசர் பிரிப்பதிலும் போகிற அந்த நாட்களில் ஒன்றிரண்டை அபாயப் பகுப்பாய்வுக்குத் தாருங்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்டு வருகிறேன்.

அந்தப் பகுப்பாய்வுக்கு 'ஹசாப்' (HAZOP) என்று பெயர் சொன்னதும், பெரிய கெமிக்கல் கம்பெனி விஷயம் என்று ஒதுங்குகிறார்கள். 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறைதான். ஆனால் ஐஸ் பிளாண்டில் குளிரூட்டும் அமோனியா ஓடும் எந்தக் குழாய்க்கும் அது பொருந்தும். ஆலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை, மட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு 'இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'எதிர்த்திசை', 'வேறொன்று' என்ற சொற்களை வைத்து ஒவ்வொன்றையும் கேள்வி கேட்க வேண்டும். அப்படி மாறினால் காரணம் என்ன, விளைவு என்ன, இப்போது அதைத் தடுக்க என்ன இருக்கிறது?

ஆயில் வடிக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்விடும். அதில் கரையாது, அதைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். அவ்வப்போது வடித்தே ஆக வேண்டும். இங்கே 'ஓட்டம் இல்லை' என்று கேட்டால், குளிரில் கெட்டியான ஆயில் அடைத்து நிற்கும் என்று பதில் வரும். ஆபரேட்டர் என்ன செய்வார்? வால்வை இன்னும் திறப்பார். அடுத்து 'வேறொன்று'. அடைப்பு விட்டு ஆயில் தீர்ந்ததும், திறந்த வால்வு வழியாகத் திரவ அமோனியா பாயும். திரவம் வாயுவாகும்போது எண்ணூறு மடங்குக்கு மேல் விரியும்.

"சாரே, வாடை வந்தா ஒடனே மூடிருவோம்லா" என்றார் ஒரு ஆபரேட்டர். அனுபவசாலி, பொய் சொல்லவில்லை. சிறு கசிவில் அது நடக்கும். திரவமே பீச்சினால் கண் திறக்காது, மூச்சு அடைக்கும், வால்வு பக்கம் கையே போகாது. காற்றில் 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு அமோனியா இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு.

அறிக்கையின் கடைசிப் பத்தியில் 'கவனமாகச் செய்யவும்' என்று எழுதி முடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது பாதுகாப்பு ஆகாது. கையை எடுத்ததும் ஸ்பிரிங்கால் தானே மூடும் வால்வு ஒன்றை வடிகுழாயில் மாட்டுங்கள். அதோடு கை வால்வும் இருக்கட்டும். அந்த ஸ்பிரிங் வால்வைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டால் மாட்டியதே வீண். ஆயில் வடிக்கையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். அமோனியா மாஸ்க் மிஷின் ரூமுக்கு வெளியே தொங்க வேண்டும். கசிவு உள்ளே இருக்கும்போது மாஸ்க்கும் உள்ளே இருந்தால் யார் போய் எடுப்பது?

இந்தக் கேள்விகளை முதலாளியும் என்ஜினீயரும் மட்டும் உட்கார்ந்து கேட்டால் பாதிதான் தெரியும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரும், வெல்டிங்குக்கு வழக்கமாக வருபவரும் கூட இருக்க வேண்டும். எந்தக் குழாயை எப்போது மாற்றினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974இல் 28 பேர் இறந்த வெடிவிபத்து, சரியாக ஆராயாமல் மாட்டிய தற்காலிக இணைப்புக் குழாயில் தொடங்கியது. அதனால் ஒரு லைனை மாற்றினாலும் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது மறுபடி உட்காருங்கள். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் கடற்கரை ஊர்களில் பிளாண்டின் மதிலை ஒட்டியே வீடுகள். அதனால் 'விளைவு' என்ற கட்டத்தில் மிஷின் ரூமை மட்டும் எழுதினால் போதாது. கசிந்தால் ஆலய ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது என்பதை முன்கூட்டியே ஆலயத்தின் பங்குப் பேரவையோடு (பங்கு மக்களின் நிர்வாகக் குழு) பேசி வையுங்கள். காற்று போகிற திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்காக விலகி ஓட வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். பிளாண்ட் கூரையில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்றும் கட்டுங்கள். ராத்திரியும் தெரியும்படி அதற்கு ஒரு லைட் போடுங்கள்.