கான்டெக்ஸ்ட்: சூழலா, சந்தர்ப்பமா, சார்பா?

"அவர் போயிட்டார்." இதை ஓர் அலுவலக வரவேற்பறையில் கேட்டால், நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கேட்டால் கால் தளர்ந்துவிடும். சொல் அதேதான், இலக்கணமும் அதேதான். கேட்ட இடம் வேறு. பொருளை இப்படித் தீர்மானித்துவிடுகிற அக்கம்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'கான்டெக்ஸ்ட்' என்று பெயர். தமிழில் பேசும்போதும் அதையே போட்டுப் பேசுகிறோம்: "கான்டெக்ஸ்ட் தெரியாம பேசாதீங்க."

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்' என்ற முன்னொட்டுக்குச் சேர்த்து என்று பொருள். 'டெக்ஸெரெ' என்றால் நெய்தல். சேர்த்து நெய்ததுதான் கான்டெக்ஸ்ட். துணியைச் சொல்லும் 'டெக்ஸ்டைல்', எழுத்தைச் சொல்லும் 'டெக்ஸ்ட்' இரண்டும் இதே தறியில் இறங்கியவை. நமக்கு இந்த உவமை ஒன்றும் புதிதில்லை. இழைக்கும் நூல் என்றுதான் பெயர், புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர். நன்னூல் இதை விரிவாகவே சொல்கிறது: சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் (நூற்கும் கருவி).

சரி, தமிழில் எதைச் சொல்வது? முதலில் நினைவுக்கு வருவது சந்தர்ப்பம். இது வடசொல். மூலத்தில் கோத்தல், தொடுத்தல் என்று பொருள். லத்தீன் சொல்லுக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு மாதிரி. இந்தியில் இன்றைக்கும் 'சந்தர்ப்' என்றால் கான்டெக்ஸ்ட்தான். தமிழுக்கு வந்ததும் அது வாய்ப்பு, வேளை என்ற பக்கம் நகர்ந்துவிட்டது. 'சந்தர்ப்பம் கிடைத்தால் பார்க்கலாம்' என்கிறோம். 'சந்தர்ப்பவாதி' என்று திட்டுகிறோம். "எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படிச் சொன்னார்?" என்று கேட்கும்போது மட்டும் பழைய வாசனை கொஞ்சம் அடிக்கிறது.

எனக்குப் பிடித்தது தொல்காப்பியம் தரும் சொல். பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்ற கேள்வி அதன் கிளவியாக்கம் என்ற இயலில் வருகிறது. 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' அது தெளிவாகும் என்கிறது நூற்பா. உரைகாரர்கள் மாமரம், குதிரை என்றெல்லாம் பொருள் தரும் 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். 'மா பூத்தது' என்றால் வினையே காட்டிக்கொடுக்கிறது, அது மரம். 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருத மரம் சொல்லிவிடுகிறது. மூன்றாவதுதான் அழகு. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் 'மா கொண்டு வா' என்கிறான். வாக்கியத்துக்குள் எந்தத் துப்பும் இல்லை. ஆனாலும் அவன் கேட்பது குதிரை என்று ஏவலாளுக்குப் புரிகிறது, கண்ணெதிரே கவசம் இருக்கிறதே! அதுதான் சார்பு. வடமொழிக்காரர்களிடமும் இதற்கு ஒரு ஜோடி உண்டு: 'சைந்தவம்' கொண்டுவா என்று சாப்பிடும்போது சொன்னால் உப்பு, பயணம் புறப்படும்போது சொன்னால் குதிரை.

இவ்வளவு கச்சிதமான சொல் இருந்தும் பயன்படுத்த முடியாமல் போய்விட்டது. இன்றைக்குச் சார்பு என்றால் ஒரு பக்கம் சாய்வது. 'சார்பு தெரியாமல் பேசாதே' என்று எழுதினால், நீ எந்தக் கட்சி என்ற கேள்விதான் திரும்பி வரும்.

ஆக, மிஞ்சியது சூழல். சூழ்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பொதுவழக்கில் நிலைத்துவிட்டது, தாராளமாக எழுதலாம். மொழியியல் கட்டுரைகளில் 'சூழமைவு' என்றும் பார்க்கலாம். இந்தச் சொல்லின் குடும்பத்திலேயே ஒரு விசித்திரம் உண்டு. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள். அங்கே சூழ்ச்சி என்றால் ஆலோசனை. இன்றைய செய்தியில் அதே சூழ்ச்சி வந்தால் யாரோ யாருக்கோ குழி பறிக்கிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் சூழலையே போட வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! அங்கே இடம் என்பதே கான்டெக்ஸ்ட். நிகழ்ச்சி என்றால் பின்னணி பொருந்தும்.

வெட்டிப் பரப்பும் பேச்சுக்கு இன்னொன்று வேண்டும். ஒருவர் மேடையில், "இந்தத் திட்டமே வீண் என்கிறார்கள் சிலர். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்" என்கிறார். காணொளியில் 'இந்தத் திட்டமே வீண்' மட்டும் சுற்றுகிறது. அவர் குரல், அவர் முகம், அவர் வாயால் சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இதைச் 'சூழலுக்கு வெளியே எடுக்கப்பட்டது' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது வீட்டுக்கு வெளியே வைத்த நாற்காலி மாதிரி கேட்கிறது. 'முன்பின் இல்லாமல் வெட்டி எடுத்தது' என்றாலே போதும்.