போல்ட் ஏறினால் பிரேக் பொருந்திவிடாது

மறுபடியும் ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் டோ டிரக்கில் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் ஃபோர்டு கிரனாடாவின் டிஸ்க் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளும் உருளை) மட்டும் வண்டியோடு பிறந்த பழைய ஒற்றைத் தொட்டி: முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஆயில் தொட்டி. வீலோடு சுற்றும் தட்டான ரோட்டர் இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கின்றன, அதைக் கவ்விப் பிடிக்கும் பேட் கருகிப் பொடியாக உதிர்கிறது. “எல்லாம் ஃபோர்டுதானே, ஒரு போல்ட்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்ததே” என்கிறார் வண்டிக்காரர். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிரனாடா ஸ்பின்டிலை, அதாவது முன் வீல் சுற்றும் அச்சை, மஸ்டாங்கில் மாட்டுவது தப்பே இல்லை. 1975 முதல் 1980 வரை வந்த கிரனாடாக்களைக் கழற்றி அமெரிக்காவில் பலர் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் முனைக்கான ஓட்டை கிரனாடாவில் பெரியது, அதற்கேற்ற முனையைப் போட வேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டரில் மட்டும் கஞ்சத்தனம் வந்துவிடுகிறது.

டிரம் பிரேக்குக்கான (சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் வகை) அந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் பிரச்சினையில்லை. டிஸ்க்கில் பேட்டை அழுத்தும் காலிபரில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? பேட் ரோட்டரோடு உரசிக்கொண்டே ஓடும். சூடு ஏறும், ஆயில் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும். ஒற்றைத் தொட்டி என்பதால் முன்னும் பின்னும் சேர்ந்தே போய்விடும். காடிலாக் 1962-லேயே இரட்டைத் தொட்டிக்கு மாறிவிட்டது, 1967 மாடல்களில் அது பரவலானது, 1968 முதல் அமெரிக்கச் சட்டமே அதைக் கேட்டது. டிஸ்க் மாட்டும் அளவுக்குச் செலவு செய்கிறவர் இதையும் சேர்த்து மாற்றிவிடலாமே.

எனக்கு இதைவிட எரிச்சல் தருவது ஒன்று உண்டு: “பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டேன், இனி பிரேக் பலமாகப் பிடிக்கும்.” பிடிக்காது. கணக்கைப் பாருங்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் உங்கள் கால் பலத்தை ஏறக்குறைய 6 மடங்காக்கித் தரும். 60 பவுண்டு மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடில் 360 பவுண்டு. 1 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் அது சுமார் 458 பி.எஸ்.ஐ. அழுத்தமாகிறது. அதே மிதி, 1⅛ அங்குல சிலிண்டரில் 362 பி.எஸ்.ஐ.தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயே போய்விட்டது! பெரிய சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும். பெடல் கொஞ்சம் இறங்கியதுமே கல் மாதிரி நிற்கும். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் பிரேக்கின் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெடல் கெட்டியாக இருப்பதும் வண்டி நிற்பதும் வேறு வேறு.

1⅛ அங்குலம் பெரும்பாலும் பூஸ்டர் வைத்த வண்டியின் அளவு. அங்கே பற்றாக்குறையைப் பூஸ்டர் ஈடுகட்டும். அதைக் கழற்றி பூஸ்டர் இல்லாத வண்டியில், அதுவும் டிஸ்க்கோடு மாட்டினால் இரட்டை நஷ்டம். டிரம் சுற்றும்போதே ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கூடுதலாகப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, முழுக்க அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. இன்னொன்று: பூஸ்டர் வண்டியின் பிஸ்டனில் ராடு உட்காரும் குழி ஆழமில்லாமல் இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டியின் ராடு அதிலிருந்து நழுவி விழுந்துவிட்டால் பெடல் இருந்தும் பயனில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வேறு விதமான கூத்து. 1980-களின் காலிபர்களில் சில, பிஸ்டனைக் கூடுதலாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதற்கென்றே முதல் மிதியில் நிறைய ஆயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு வந்தவை அவை. அந்தக் காலிபரை மட்டும் பழைய ஷெவர்லேயில் மாட்டினால் பெடல் பாதிவரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கிரைஸ்லரில் டிஸ்க் ஸ்பின்டில் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1970 வரை இடப்பக்க வீல் நட் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் கழலும். தெரியாமல் இம்பாக்ட் கன்னை வைத்து உடைத்தவர்கள் ஏராளம்.

காலிபரை இடம் வலம் மாற்றி மாட்டுவது தனிக் கதை. போல்ட் இரண்டு பக்கமும் ஏறும்! ஆனால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதான் நிற்கும். நாள் முழுக்க ஆயில் ஊற்றினாலும் பெடல் மெத்து மெத்தென்றுதான் இருக்கும். நிப்பிள் மேலே பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லலாம்.

பழைய வண்டிக்கான நம்பர் பிளேட் வாங்கிவிட்டால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வருடாந்திரச் சோதனையே கிடையாது. அதனால் நீங்களேதான் சோதிக்க வேண்டும். சிலிண்டரில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள், கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். இரட்டைத் தொட்டியில் பெரியது டிஸ்க்குக்குப் போக வேண்டும். பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடுங்கள், இல்லையேல் ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பிரேக் குழாயைக் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கால் (வளையத்தை நெருக்கி இறுக்கும் இணைப்பு) ஒட்டுப்போடவே கூடாது. முனையை 45 டிகிரியில் இரட்டை மடிப்பாக மடித்துப் பொருத்துங்கள். சிலிக்கான் ஆயிலான டாட் 5-ஐ டாட் 3, டாட் 4-உடன் கலக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முன் வீலைத் தூக்கி நிறுத்தி, பெடலை நன்றாக மிதித்து விடுங்கள். வீல் கையால் லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? காலிபர் நிப்பிளைக் கால் திருகு திறவுங்கள். ஆயில் பீறிட்டு வந்து உடனே வீல் விடுபட்டால், அழுத்தத்தை எங்கோ பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அந்தச் சின்ன வால்வோ மாஸ்டர் சிலிண்டரோ மாறும்வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து. சரியாக இருந்தாலும் முதல் ஓட்டம் காலி மைதானத்தில், 20 மைல் வேகத்துக்குள், நீங்கள் மட்டும்.