மாணவர் குரலா, மாணவர் சொல்லா?

'மாணவர் குரல்' என்ற தொடரை இன்னும் ஒரு மேடையில் கேட்க நேர்ந்தால் என் குரல்வளையே அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. சிறப்புக் கல்வி பற்றி மதுரையில் எந்தப் பயிற்சி வகுப்பு நடந்தாலும், புதூரோ திருமங்கலமோ, மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையில் அது இருக்கிறது. அண்மையில் பார்த்த ஒன்று முழுதாக இப்படிச் சொன்னது: 'சிறப்புக் கல்வியில் மாணவர் குரலை ஆதரித்தலும் உள்ளடக்கமும்'. உள்ளடக்கம் என்றால் எனக்குத் தெரிந்து புத்தகத்தின் தொடக்கத்தில் பக்க எண்களோடு இருப்பது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் குரல்.

ஆங்கிலத்தில் 'ஸ்டூடன்ட் வாய்ஸ்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். கல்வித் துறையில் இந்தக் கலைச்சொல்லுக்குப் பொருள் சிக்கலானது அல்ல. தான் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, எங்கே உட்காருவது, யார் உதவுவது, அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதில் மாணவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதே அது. சிறப்புக் கல்வியில் இதற்கு எடை கூடுதல். அங்கே ஒரு பிள்ளைக்குத் திட்டம் போடும்போது சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், தலைமையாசிரியர், பெற்றோர் என எல்லாரும் கூடிவிடுகிறார்கள். திட்டம் யாருக்கோ அந்தப் பிள்ளை மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். இந்தக் கருத்துக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் குழந்தை தன் எண்ணத்தை வெளியிடலாம், அந்த எண்ணத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை தன் 7ஆம் பிரிவில் ஒரு படி மேலே போய், அப்படி வெளியிடுவதற்கு வேண்டிய உதவியையும் செய்து தர வேண்டும் என்கிறது. முன்னதில் இந்தியா 1992இல் சேர்ந்தது. பின்னதை 2007இல் ஏற்றது.

'வாய்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். தொண்டை ஒலி என்ற பொருளிலிருந்து, ஒன்றைத் தீர்மானிப்பதில் ஒருவருக்கு உள்ள பங்கு என்ற பொருளுக்கு அது அங்கே நகர்ந்துவிட்டது. நம் 'குரல்' வேறு வழிகளில் நடந்தது. பழந்தமிழில் குரல் என்றால் தினைக்கதிர்; கூந்தல்; ஏழிசையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று எண்ணும்போது முதல் இசை. இன்று தொண்டையிலிருந்து வரும் ஒலி. இவற்றில் எதுவும் 'தீர்மானத்தில் பங்கு' என்ற இடத்துக்கு வந்து சேரவில்லை. சொற்பிறப்பு இவ்வளவு போதும். சண்டை வழக்கில்தான் இருக்கிறது.

தமிழில் குரலை வைத்து நாம் என்னென்ன செய்கிறோம் என்று பாருங்கள். 'குரல் கொடுத்தான்' என்றால் இரண்டு பொருள். ஒன்று, தெருமுனையில் நின்று கூப்பிட்டான். மற்றது, வேறு யாருக்காகவோ பேசினான். உழவர்களுக்காகக் குரல் கொடுத்தார், மீனவர்களுக்காகக் குரல் எழுப்பினார் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். இந்த வழக்கில் குரல் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருடையது அன்று, பரிந்து பேசுபவருடையது. திரைப்படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பேசினால் அது பின்னணிக் குரல், இரவல் குரல். சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. அதில் யாருடைய சத்தம் பெரிது என்பதை எல்லாரும் அறிவோம். ஆகவே 'மாணவர் குரலை ஆதரிப்போம்' என்று தமிழ்க் காதில் விழும்போது, மாணவருக்காக நாம் பேசுவோம் என்ற எதிர்ப்பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது. எந்தப் பழக்கத்தை ஒழிக்க அந்தக் கலைச்சொல் பிறந்ததோ, அதே பழக்கத்துக்கு இங்கே பெயராகிவிட்டது.

அதைவிடக் கொடுமை, இந்தத் தொடரைக் காதுகேளாத பிள்ளைகளும் பேச்சு வராத பிள்ளைகளும் படிக்கும் வகுப்பறையின் சுவரில் ஒட்டுவது. கைகளால் முழு வாக்கியம் பேசும் ஒரு சிறுமிக்கு எதற்கு ஐயா குரல்? மூளை முடக்குவாதத்தால் நாக்கு ஒத்துழைக்காத, ஆனால் பட அட்டையில் விரல் வைத்துத் தனக்கு வேண்டியதைக் காட்டும் ஒரு பையனிடம் 'உன் குரலை மதிக்கிறோம்' என்பது என்ன பேச்சு?

நான் தனித்தமிழ் வெறியன் அல்லன். பஸ்ஸைப் பஸ் என்றும் டிக்கெட்டை டிக்கெட் என்றும் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருப்பவன். குரல் கலப்படமற்ற தமிழ்ச் சொல் என்று ஒரு நண்பர் எனக்கு எடுத்துச் சொன்னார். தெரியும். கோபமே அதனால்தான். கடன் வாங்கிய சொல்லாவது தன்னைக் கடன் என்று காட்டிக்கொள்ளும். உடை மட்டும் வேட்டி, உள்ளே எலும்பெல்லாம் ஆங்கிலம் என்றால் கண்டுபிடிக்க நேரமாகும்.

இனி என் கட்சி. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அது 'சொல்'.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது பழமொழி. குரல் அம்பலம் ஏறாது என்று யாரும் சொல்லவில்லை. ஏழையின் குரல் அம்பலத்தில் கேட்டிருக்கும்; மன்றாடியிருப்பான், கத்தியிருப்பான். ஏறாதது சொல். மேலூர்ப் பக்கம் ஊர்த்தலைவருக்கு அம்பலக்காரர் என்றே பெயர். அங்கே உள்ளவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்கவே வேண்டாம். ஊர்கூடி முடிவெடுக்கும் இடத்தில் ஒருவன் சொன்னது கணக்கில் வருகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. ஆங்கிலக் கலைச்சொல் கேட்பதும் அதையேதான். 'அவன் சொல் அங்கே எடுபடும்', 'அந்த வீட்டில் அவள் சொல்தான் செல்லும்' என்பதெல்லாம் இன்றும் நடமாடும் தமிழ்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: பேசாத பிள்ளைக்குக் குரல் இல்லை என்றால் சொல் மட்டும் எங்கிருந்து வரும்? நல்ல கேள்வி. விடை நம் வினைச்சொல்லில் இருக்கிறது. கண்ணால் சொன்னாள் என்கிறோம். கைச்சாடையில் சொன்னான் என்கிறோம். முகமே சொல்கிறதே என்கிறோம். கண்ணால் குரல் கொடுத்தாள் என்று யாரும் எழுதியதில்லை. சொல்வதற்குத் தொண்டை தேவை என்று தமிழ் என்றுமே நினைக்கவில்லை. 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்று தொல்காப்பியர் சொல்லுக்குத்தான் பொருளைக் கட்டினார், ஒலிக்கு அன்று. (பழைய அகராதிகளில் சொல்லுக்கு நெல் என்றும் ஒரு பொருள் உண்டு. குரல் கதிர், சொல் நெல். உழவர் கண்டு வைத்த அகராதி போலிருக்கிறது.)

மதுரைக்காரர்களுக்கு இதில் இன்னும் பெரிய சான்று கையில் இருக்கிறது. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்குப் பல புலவர்கள் உரை சொன்னார்கள். எது மெய்யுரை என்று தீர்க்கச் சங்கத்தார்க்கு ஒரு நடுவர் வேண்டியிருந்தது. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வயது ஐந்து. மூங்கைப் பிள்ளை, அதாவது பேச்சு வராதவன். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்தது. நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. தீர்ப்பு முடிந்தது. களவியல் உரை சொல்லும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தப் பிள்ளையைப் பற்றிப் புலவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை: 'அன்னன் என்று இகழாது', அதாவது இப்படிப்பட்டவன்தானே என்று இகழாமல், அவனை ஆசனத்தில் இருத்திவிட்டு, நீங்கள் கீழே இருந்து பொருள் உரையுங்கள். பிழையான உரைக்கு அவன் வாளா இருப்பான் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவன் மௌனத்துக்குக்கூடப் பொருள் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் குரல் இல்லை. அவன் சொல் 49 புலவர்கள் இருந்த அவையில் ஏறியது. அவன் சாபத்தால் பிறந்த முருகக் கடவுள் என்று உரை சேர்த்துச் சொல்வது உண்மைதான். வெறும் மனிதப் பிள்ளை என்றால் ஆசனம் கிடைத்திருக்குமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனாலும் சிறப்புக் கல்விக்கு இதைவிட நல்ல பாடம் இந்த ஊர் மண்ணிலேயே கிடக்கும்போது, பயிற்சி நூல்கள் பெயர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்து உதாரணம் கொண்டுவருகின்றன.

சரி, இவ்வளவு வெளிப்படையான சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் குரலைப் பிடித்தார்கள்? சோம்பல் ஒரு காரணம். அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுவது. ஆனால் அது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். 'கேள்' என்ற வினையைக் கவனியுங்கள். குரலைக் கேட்டான் என்றால் ஒலி காதில் விழுந்தது, அவ்வளவுதான். சொல்லைக் கேட்டான் என்றால் அதன்படி நடந்தான். 'சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை' என்று நாம் திட்டுவது செவிடனை அன்று. ஆக, மாணவர் குரலைக் கேட்கிறோம் என்று ஒரு பள்ளி அறிவித்தால் அதனால் எந்தக் கடமையும் வராது. மாணவர் சொல்லைக் கேட்கிறோம் என்று அறிவித்தால் மறுநாள் ஏதாவது மாற வேண்டியிருக்கும். நம் பள்ளிகளில் சொல் என்பது பெரியவரிடமிருந்து பிள்ளைக்குப் போவது. பிள்ளையிடமிருந்து வருவது சத்தம். அந்தத் திசையைத் திருப்பப் பயந்துதான் குரலில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 12ஆம் பிரிவு வெளியிடும் உரிமையோடு நிற்காமல் உரிய மதிப்பையும் கேட்கிறது என்பதை நினைத்தால் எந்தச் சொல் அதன் அருகில் இருக்கிறது என்று தெரியும்.

'மாணவர் கருத்து' என்று சிலர் எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அரசு நடத்துவதற்குப் போய்வந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லை நம்ப மாட்டார்கள். 'பங்கேற்பு' மேலும் வெளுத்தது. ஆண்டு விழாவில் ஆடியதும் பங்கேற்புதான்.

தேர்வுத் துறையை இந்த ஓரிடத்தில் மெச்ச வேண்டும். பார்வையற்ற மாணவர்களும் எழுத இயலாத மாணவர்களும் பொதுத்தேர்வில் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஆளுக்கு அங்கே பெயர் 'சொல்வதை எழுதுபவர்'. நேரான, யாருக்கும் விளங்கும் தமிழ். சொல்பவர் மாணவர், எழுதுபவர் வெறும் கை. இதைப் பட்டறை நடத்துபவர்களிடம் விட்டிருந்தால் 'குரல் ஆதரவாளர்' என்று வைத்திருப்பார்கள்.

இப்போது உள்ளடக்கம். 'இன்க்ளூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த பெயர் இது. 'உள்ளடக்கிய கல்வி' என்றும் 'உள்ளடங்கிய கல்வி' என்றும் இரண்டு வடிவங்கள் அரசுத் தாள்களிலேயே புழங்குகின்றன. யார் யாரை அடக்கினார், யார் எதற்குள் அடங்கினார் என்பது அவர்களுக்கே தெளிவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இலத்தீன் மூலச்சொல்லுக்கு 'உள்ளே வைத்து மூடு' என்று பொருள். ஆங்கிலம் அதை மறந்துவிட்டது. நாம் தேடிப் பிடித்து மீட்டிருக்கிறோம். வகுப்பில் அடக்கு என்றால் என்ன பொருள் என்று எந்த ஆசிரியரையும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது: குறைபாடு உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் சேர்ந்து கற்பது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையும் மாறுவது. இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? 1974இல் வந்த நடுவண் திட்டத்துக்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயர். அதில் பிள்ளை பள்ளிக்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொண்டது. 1994இல் சிறப்புக் கல்வி பற்றிய உலக மாநாட்டின் சலமாங்கா அறிக்கை வந்த பிறகு பேச்சு மாறியது, பள்ளிதான் பிள்ளைக்கேற்ப மாற வேண்டும் என்று. கருத்து தலைகீழாகத் திரும்பியிருக்க, தமிழில் பொருந்துபவன், அடங்குபவன் இன்னும் பிள்ளைதான். போதாக்குறைக்கு 'ஒருங்கிணைந்த' என்ற அடைமொழியை இப்போது மொத்தப் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கே சூட்டிவிட்டார்கள். 'சேர்ந்து கற்றல்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? பெயர்ச்சொல்லாகத்தான் வேண்டும் என்றால் 'உடன்கல்வி'. பிடிக்காதவர்கள் இதைவிட நல்லதைக் கொண்டுவரட்டும், அடக்குதலைத் தவிர.

2010இல் அரசு ஊனமுற்றோர் என்பதை விட்டு மாற்றுத்திறனாளி என்று மாற்றியபோது இவ்வளவு நீளச் சொல் யார் வாயில் நிற்கும் என்றார்கள். இன்று டீக்கடையில் செய்தித்தாள் படிப்பவரும் தடுமாறாமல் சொல்கிறார். ஆகவே பழகிவிட்டது, மாற்ற முடியாது என்று குரலுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

பதாகைகளைக்கூட விட்டுவிடலாம், அவை மழையில் போய்விடும். படிவங்கள்தான் தொல்லை. ஒரு பள்ளியில் ஒரு மாணவனுக்குப் போட்ட கல்வித் திட்டப் படிவத்தைப் பார்த்தேன். 'மாணவர் குரல்' என்று ஒரு கட்டம். எதிரே 'நன்று' என்று நிரப்பியிருந்தார்கள். பாட்டு வாத்தியார் போட்ட மதிப்பெண் போல. நிரப்பியவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லுக்கு அதைத் தவிர வேறு என்ன எழுத முடியும்? அதே கட்டத்துக்கு 'மாணவர் சொன்னது' என்றும், கீழே 'எப்படிச் சொன்னார்: வாயால், கையால், படத்தால், வேறு' என்றும், அதற்கும் கீழே 'அதனால் என்ன மாற்றினோம்' என்றும் அச்சடித்துக் கொடுங்கள்.