ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ஏன் விரிதாள்னு பேரு?

ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு எக்செல் சொல்லித்தர்ற வேலை எப்படியோ என் தலையில வந்து விழுந்துடுச்சு, அதுக்குன்னு சம்பளத்துல ஒரு ரூபா கூட ஏறல, அது வேற கதை. போன வாரம் ஒரு தம்பி கேட்டான், "அக்கா, எக்செல்தானே இது, அப்புறம் ஸ்ப்ரெட்ஷீட்னா என்ன, தமிழ்ல என்ன சொல்லணும்"னு. எக்செல்ங்கறது கம்பெனி வச்ச பேரு, நகல் எடுக்கறத எல்லாம் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி அதுவே பொதுப்பேரா ஆயிடுச்சு. பொருளோட பேரு ஸ்ப்ரெட்ஷீட்தான். தமிழ்ல விரிதாள்.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே இங்கிலீஷ்ல கணக்கு எழுதுறவங்ககிட்ட இருந்த சொல் இது. பேரேட்ட விரிச்சு வச்சா இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து ஒரே அகலமான தாளா தெரியும்ல, அதுல மேல செலவு வகைங்க, பக்கவாட்டுல பில்லுங்க, நடுவுல குறுக்கும் நெடுக்கும் கோடு. பத்திரிகைல ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமா போடுறதுக்கும் ஸ்ப்ரெட்னுதான் சொல்வாங்க. (ஷீட்னா விரிப்புன்னும் அர்த்தம் இருக்கு, பெட்ஷீட் மாதிரி. நல்லவேளை யாரும் விரிப்புவிரிப்புன்னு மொழிபெயர்க்கல.)

1978ல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்த டான் பிரிக்லின், வாத்தியார் கரும்பலகைல கட்டம் போட்டு கணக்கு எழுதுறத பாக்குறாரு. நடுவுல ஒரு எண் தப்புன்னா அதத் தொட்டு வர்ற எல்லா எண்ணையும் அழிச்சு திரும்ப எழுதணும். இத மிஷினே பண்ணா என்னன்னு யோசிச்சாரு, பாப் ஃபிராங்ஸ்டன் ப்ரோகிராம் எழுதினாரு, 1979ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்ல விசிகால்க்ங்கற பேர்ல வந்துச்சு, மொத்தமே நெடுக்க 63 பத்தி, குறுக்க 254 வரிசைதான். அதே மாதிரி 1983ல லோட்டஸ் 1-2-3, 1985ல ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டருக்கு எக்செல், விண்டோஸுக்கு 1987ல. தாள் போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம். விரிதாள் ஒரு வினைத்தொகை, ஸ்கூல்ல ஊறுகாய் ஊறுகாய்னு மனப்பாடம் பண்ணோமே அதே தான். விரிந்த தாள், விரிகின்ற தாள், விரியும் தாள், மூணு காலமும் உள்ள ஒளிஞ்சிருக்கு. பேரேட்டுத் தாள் ஒரு தடவ விரிச்சா அவ்ளோதான், ஆனா ஸ்கிரீன்ல இருக்கறது இன்னிக்கும் கீழ போகப்போக விரிஞ்சிட்டே இருக்கு, அந்த வகைல தமிழ்ச்சொல் மூலச்சொல்ல விட நல்லா பொருந்துதுன்னு நான் சொல்வேன்.

அதுக்காக எல்லையே இல்லன்னு நினைச்சிடக் கூடாது. இப்ப உள்ள எக்செல்ல 10,48,576 வரிசை, 16,384 பத்தி. பழைய ஃபைல் வகைல 65,536 வரிசை மட்டும்தான், 2020ல இங்கிலாந்துல கொரோனா ரிசல்ட்ட அந்தப் பழைய வகைல ஏத்தப்போய் இடம் பத்தாம 15,841 பேரோட கணக்கு அன்னன்னிக்கு அறிக்கைல வராம விட்டுப்போச்சு.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல அட்டவணைச் செயலின்னு போடுறாங்க. எனக்கு அது ஒட்டல. செயலின்னா இப்ப எல்லாருக்கும் போன்ல இருக்கற ஆப்தான் ஞாபகம் வரும். அதோட அட்டவணைன்னா ரயில்வே அட்டவணை மாதிரி எழுதி வச்சது அப்படியே கெடக்கற ஒண்ணு. அந்த நினைப்புலதான் எங்க செக்‌ஷன்ல ஒரு அண்ணன் ரொம்ப நாள் பக்கத்துல கால்குலேட்டர் வச்சு கூட்டி, வந்த தொகைய எக்செல்ல டைப் பண்ணிட்டிருந்தாரு. ஒரு பில் மாறினா மறுபடி கால்குலேட்டர். அவருக்கு சம் ஃபார்முலா காட்டினப்போ, மேல எண்ண மாத்தினதும் கீழ மொத்தம் தானா மாறுனத பாத்துட்டு, "இது எழுதுற தாள் இல்லம்மா, கணக்கு போடுற தாள்"னாரு. விசிகால்க் கதைய அவருக்கு நான் சொன்னதே இல்ல.

மத்த சொல்லுங்கள்ல சிக்கல் இருக்கு. ரோ, காலம் ரெண்டுக்கும் நிரை, நிரல்னு கணக்குப் புத்தகத்துல இருக்கும், கேக்க அழகுதான், ஆனா ஒரு எழுத்து மாறினா பொருளே மாறிடும், போதாக்குறைக்கு நிரல்னா ப்ரோகிராம்னு ஆயிடுச்சு. நான் வரிசை, பத்தின்னு சொல்லிடுவேன். காலம்னு தமிழ்ல எழுதினா நேரமான்னு வேற குழம்புவாங்க. செல்லுக்கு நுண்ணறைனு ஒரு சொல் இருக்கு, எனக்கு என்னமோ அதக் கேட்டா நுரையீரல் பாடம்தான் கண்ணுக்கு வருது, கட்டம்னா யாருக்கும் விளக்கமே வேணாம். ஃபார்முலாவ வாய்பாடுன்னா ரெண்டாம் வாய்பாடு ஒப்பிக்கச் சொல்றோமோன்னு பயப்படுறாங்க, அதனால சூத்திரம். டாலர் குறி போட்டு ஒரு கட்டத்த மாறாம நிறுத்துறதுக்கு எந்த அகராதியும் பாக்கல, "ஆணி அடிச்சிடு"ம்பேன், உடனே புரிஞ்சிடும். ஃபில்டருக்கு வடிகட்டி.

பிவட் டேபிளுக்கு (நீளமான பட்டியல வகைவகையா பிரிச்சு கூட்டிச் சுருக்கிக் காட்டுற வசதி) சுழல் அட்டவணைனு ஒரு வாரம் சொல்லிப் பாத்தேன். "அக்கா அந்த ராட்டினம் எப்படி போடுறது"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப எங்க ஃப்ளோர்ல அதுக்குப் பேரு ராட்டினம்தான்.